இல்லாத நோயாளிகளின் சாட்சி

ஒரு மருத்துவ சஞ்சிகை தான் வெளியிட்ட கட்டுரை ஒன்றை "இது இன்னொருவரிடம் களவெடுத்தது" என்று சொல்லித் திரும்பப் பெற்றால், எங்களில் கனபேர் அதை ஒரு சின்ன விசயமாகத்தான் எடுப்போம். "எழுத்தைத்தானே களவெடுத்தவன், மருந்தையா களவெடுத்தவன்?" என்று கேட்பார்கள். இன்னும் கொஞ்சம் யோசிக்கிறவர்கள், "அசல் கட்டுரை சரியெண்டால் நகலும் சரிதானே, அதால நோயாளிக்கு என்ன நட்டம்?" என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வி கெட்டித்தனமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னுடைய பதில் இதுதான்: மருத்துவத்தில் அடுத்தவன் ஆய்வை நகலெடுப்பது வெறும் எழுத்துக் களவு இல்லை, அது பொய்ச்சாட்சி.

"குசினியில வெங்காயம் வெட்டுறவனுக்கு மருத்துவ சஞ்சிகையோட என்ன வேலை?" என்றும் நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். பாரிசுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கி, சலாட் பகுதிக்கு ஏறி, இப்போது ஒரு ரெஸ்ரோரண்டில் அடுப்படியில் நிற்கிறேன். அதற்கு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் படித்தேன். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டினதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. பட்டம் எடுக்கவில்லை. ஆனால் ஒரு ஆய்வு என்றால் என்ன, அளவீடு என்றால் என்ன என்கிற அடிப்படை மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது.

மற்றது, எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து மிச்சம் மீதியைச் சாப்பிடுகிற உடம்பு. சீனி வருத்தமும் கொழுப்பும் எங்கட ஆக்களுக்கு எவ்வளவு கெதியாக வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். டொக்ரர் "இதைச் சாப்பிடு, இதை விடு" என்று சொல்லும்போது அந்தச் சொல் அவருடைய வாயில் பிறந்தது இல்லை. எங்கேயோ யாரோ சில நோயாளிகளை வைத்துப் பார்த்து, ஒரு சஞ்சிகையில் எழுதினதுதான் கடைசியில் என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்து சேருகிறது. ஆகவே அந்தச் சஞ்சிகையில் என்ன நடக்கிறது என்று கேட்க எனக்கும் உரிமை இருக்கிறது.

இனிக் கதைக்கு வருகிறேன். இது நடந்த கதை.

அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்தில் உள்ள ரஃப்ற்ஸ் மருத்துவ நிலையத்தில் மைக்கல் டான்சிங்கர் என்றொரு மருத்துவர். தன் பயிற்சிக் காலத்திலேயே ஒரு ஆய்வைத் தொடங்கினார். உடம்பு மெலிய அமெரிக்காவில் பேர்போன நாலு சாப்பாட்டு முறைகள்: அற்கின்ஸ், ஸோன், வெயிற் வோச்சர்ஸ், ஓர்னிஷ். 160 பேரைச் சேர்த்து, ஒவ்வொரு முறைக்கும் 40 பேராகப் பிரித்து, ஒரு வருடம் பார்த்தார்கள். முடிவு 2005 இல் ஜாமா என்கிற சஞ்சிகையில் வந்தது. நாலு முறையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடை குறைந்தது. எந்த முறை என்பதை விட, ஆர் விடாமல் கடைப்பிடித்தார்கள் என்பதுதான் முக்கியம் என்று கண்டார்கள். அற்கின்ஸ், ஓர்னிஷ் இரண்டிலும் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் வருடக் கடைசிவரை நின்றார்கள். சோற்றை விடு என்று சொன்னால் எங்கட வீடுகளில் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதினம் இல்லை.

அந்த ஆய்வை வைத்து, இரத்தத்தில் உள்ள நல்ல கொழுப்புப் பற்றி அவரும் கூட்டாளிகளும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். 2015 இல் அதை அனல்ஸ் ஒவ் இன்ரேர்னல் மெடிசின் என்கிற பெரிய சஞ்சிகைக்கு அனுப்பினார்கள். இப்படி வருகிற கட்டுரைகளைச் சஞ்சிகைக்காரர் தாங்களே முடிவெடுத்துப் போடுவது இல்லை. அதே துறையில் உள்ள வேறு மருத்துவர்களிடம் கொடுத்து, "இது சரியோ, போடலாமோ?" என்று கேட்பார்கள். பார்க்கிறவர் அதை வெளியில் சொல்லக்கூடாது, பாவிக்கக்கூடாது. இன்னும் அச்சில் வராத ஒருவருடைய உழைப்பு அது. முழுக்க நம்பிக்கையில் ஓடுகிற வேலை.

அனல்ஸ் அந்தக் கட்டுரையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அதில் பிழையில்லை, பெரிய சஞ்சிகைகள் வருகிறதில் பெரும்பகுதியைத் திருப்பித்தான் அனுப்பும். ஆனால் 2016 தொடக்கத்தில் அதே கட்டுரை ஜேர்மனியிலிருந்து வருகிற எக்ஸ்லி என்கிற சஞ்சிகையில் வெளியாகியிருந்தது. டான்சிங்கருடைய பெயர் இல்லை. அவருடைய கூட்டாளிகளின் பெயர்கள் இல்லை. பொஸ்ரன் இல்லை. கட்டுரையைப் பார்த்துச் சொல்லும்படி அனல்ஸ் நம்பிக் கொடுத்த மருத்துவர்களில் ஒருவரே, தன் பெயரையும் தன் இணையாசிரியர்களின் பெயர்களையும் போட்டு வெளியிட்டிருந்தார். பொஸ்ரனில் இருந்த நோயாளிகள் இருந்த இடத்தில் ஐரோப்பிய நோயாளிகள். அப்படி ஒரு நோயாளிக் கூட்டம் உலகத்தில் இருக்கவே இல்லை.

விசாரித்தபோது அவர் ஒப்புக்கொண்டார். அதே 2016 இல் எக்ஸ்லி அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்த வருடக் கடைசியில் டான்சிங்கர் அனல்ஸிலேயே, களவெடுத்தவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். யோசனை தோன்றியதிலிருந்து முதல் முடிவு அச்சில் வரும்வரை ஐந்து வருடம் போனது, எல்லாமாகக் குறைந்தது 4000 மணித்தியால உழைப்பு என்று அதில் கணக்குச் சொல்லியிருந்தார். இங்கே பிரான்சில் கிழமைக்கு 35 மணித்தியாலம் என்கிற கணக்கில் போட்டால் ஒரு ஆளுடைய இரண்டு வருடத்துக்கு மேலான வேலை. கடிதத்தில் அந்த ஆளுடைய பெயரை அவர் எழுதவில்லை. நானும் எழுதப்போவதில்லை. எனக்கு இங்கே ஆள் முக்கியம் இல்லை, செய்த வேலைதான் முக்கியம்.

இப்போது அந்தக் கெட்டித்தனமான கேள்விக்கு வருவோம். அசல் சரியென்றால் நகலால் என்ன நட்டம்?

எங்கட தொழிலிலும் களவு இருக்கிறது. ஒரு செஃப் வேலை மாறிப் போகும்போது பழைய இடத்து சோஸ் ஒன்றை மூளையில் வைத்துக்கொண்டு போய், புதிய இடத்தில் தன் பேரில் போடுவார். பழைய முதலாளிக்குக் கோபம் வரும். ஆனால் சாப்பிட வந்தவருக்கு நட்டம் இல்லை. ஏனென்றால் அவருக்கு முன்னால் இருக்கிற இறைச்சி உண்மையான இறைச்சி, சோஸ் உண்மையான சோஸ். பேர்தான் களவு, சாப்பாடு களவு இல்லை. மருத்துவக் கட்டுரையையும் இப்படி நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அந்தக் கட்டுரை சொல்லுகிற முதல் விசயமே "நாங்கள் இத்தனை நோயாளிகளைப் பார்த்தோம்" என்பது. நகலெடுத்தவர் யாரையும் பார்க்கவில்லை. பேரும் பொய், சட்டியும் வெறும் சட்டி.

மருத்துவர்கள் ஒரு கட்டுரையை மட்டும் நம்பி மருந்து எழுதுவது குறைவு. ஒரே கேள்வியை வேறு வேறு நாட்டில், வேறு வேறு ஆட்கள் கேட்டு ஒரே பதில் வந்தால்தான் அந்தப் பதிலுக்குப் பலம். இப்படி வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். அதிலிருந்துதான் "இந்த நோய்க்கு இந்தச் சாப்பாடு" என்கிற வழிகாட்டிகள் வரும். இப்போது அந்த எக்ஸ்லி கட்டுரை பிடிபடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? டான்சிங்கரும் தன் கட்டுரையை வேறொரு இடத்தில் வெளியிட்டிருந்தால், கணக்குப் பார்க்கிறவர் இரண்டையும் எடுத்திருப்பார். "அமெரிக்காவிலும் கண்டிருக்கிறார்கள், ஐரோப்பாவிலும் கண்டிருக்கிறார்கள், அப்ப சரிதான்" என்று எழுதியிருப்பார். இரண்டு சாட்சி என்று நினைத்திருப்பார். கண்ணால் கண்டவர் ஒருவர்தான். அசல் ஆய்வில் ஒரு தற்செயலான பிழை இருந்தால், நகல் அந்தப் பிழையை இரண்டு மடங்கு பலமாக்கிவிடும்.

பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஒரு டெமோன்ஸ்ரேற்றர் இருந்தார். பகிடி விடாத மனிசன். ஒருநாள் இரண்டு பேருடைய கொப்பிகளில் பியூரெட் வாசிப்புகள் இரண்டாம் தசமம் வரைக்கும் அப்படியே ஒன்றாக இருந்தன. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு கழித்தல் பிழையும் இருந்தது. அவர் கத்தவில்லை. "தம்பியவை, ரெண்டு பேர் ஒரே விடை எடுக்கலாம். ரெண்டு பேர் ஒரே பிழையை எடுக்க ஏலாது. உங்களில ஆர் செய்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். மற்றவருடைய கொப்பியை அவர் பிழை என்றுகூடச் சொல்லவில்லை. அது ஒரு அளவீடே இல்லை என்று சொல்லி எடுத்து ஒரு பக்கத்தில் வைத்தார். திரும்பப் பெறுவது என்றால் அதுதான்.

நகல் அசலைக் கெடுக்கிற இன்னொரு விதம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு, அகதிகளாக வந்தவர்களுக்கு, பெரிய படிப்புத் தேவையில்லை.

நான் வந்த புதிதில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். அதில் ஒரு அண்ணை. உண்மையாகவே அடிபட்டு வந்தவர். உடம்பில் தழும்பு இருந்தது. பிரெஞ்சு தெரியாது, அதனால் காசு கொடுத்துக் "கேஸ்" எழுதுவித்தார். எழுதிக் கொடுத்தவர், இவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தனக்குப் பழக்கமான நாலு பந்தியைத் தூக்கி அதற்குள் போட்டுவிட்டார். அதே பந்திகள் அவருக்கு முதல் எத்தனை பேருடைய கடுதாசியில் போயிருந்தனவோ தெரியாது. விசாரணையில் கதை நம்பும்படியாக இல்லை, எல்லாரும் சொல்கிற மாதிரியே இருக்கிறது என்று சொல்லி றிஜெக்ற் பண்ணிவிட்டார்கள். அண்ணை அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நடந்தது எனக்கு. ஆனா அது என்ர கதை மாதிரி இல்லையாம்" என்று சொன்னது இப்பவும் காதில் இருக்கிறது. மேன்முறையீடு செய்து கார்ட் கிடைக்க அவருக்கு மூன்று வருடம் எடுத்தது.

நகல் முன்னுக்குப் போய்விட்டால் அசல்தான் நகலாகத் தெரியும். டான்சிங்கருக்கும் இதுதான் நடக்க இருந்தது. எக்ஸ்லியில் நகல் முதலில் வந்துவிட்டது. அவர் தன்னுடைய சொந்தக் கட்டுரையை அடுத்த வருடம் இன்னொரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கிற கணினி நிரல் மணியடித்திருக்கும். "நீங்கள் ஐரோப்பிய மருத்துவர்களிடம் களவெடுத்திருக்கிறீர்கள்" என்று அவரைத்தான் கேட்டிருப்பார்கள். நாள் திகதி போட்ட கடிதங்கள் அனல்ஸிடம் இருந்தபடியால் தப்பினார். அப்படி ஒரு கடுதாசி கையில் இல்லாத ஒரு சின்ன ஊர் மருத்துவர் என்ன செய்வார்?

இது புதிய வியாதியும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேலான ஒரு கதை இருக்கிறது, அதை நான் கட்டாயம் சொல்லவேண்டும். ஏனென்றால் அதில் நட்டப்பட்டவர் ஒரு இளம் பெண்.

அவருடைய பெயர் ஹெலேனா வாக்ஸ்லிக்ற்-றொட்பார்ட். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகத்தில் வேலை செய்தவர். சாப்பிட மறுத்து மெலிந்துபோகிற அனொரெக்சியா நோயாளிகளின் உடம்பில் இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து, 1978 கடைசியில் நியூ இங்கிலாந்து ஜேர்ணல் ஒவ் மெடிசினுக்கு அனுப்பினார். சஞ்சிகை அதை யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிலிப் ஃபீலிக்கிடம் பார்க்கக் கொடுத்தது. அவர் அதைத் தனக்குக் கீழே வேலை செய்த விஜய் சோமனிடம் கொடுத்தார். யேலிலிருந்து "வேண்டாம்" என்று பதில் போனது. ஆனால் சோமன் அதற்குள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அதே விசயத்தில் சோமனும் ஃபீலிக்கும் ஒரு கட்டுரை எழுதி இன்னொரு சஞ்சிகைக்கு அனுப்ப, அந்தச் சஞ்சிகை அதைப் பார்த்துச் சொல்லும்படி றொட்பார்ட்டின் மேலதிகாரிக்கே அனுப்பிவைத்தது. அவர் அதை றொட்பார்ட்டிடம் கொடுத்தார். பிரித்து வாசித்தால் அவருடைய சொந்த வசனங்கள்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? சமாதானம் பேசினார்கள். "உன்ர கட்டுரை முதலில வரட்டும், மற்றது பிறகு வரட்டும், பிரச்சினை முடிஞ்சுது" என்கிற மாதிரி. றொட்பார்ட் விடவில்லை. வசனம் களவெடுத்ததோடு கதை முடியாது, இவர்கள் இந்த ஆய்வைச் செய்தார்களா என்றே எனக்குச் சந்தேகம், போய்ப் பாருங்கள் என்று நின்றார். கடைசியில் 1980 மாசியில் ஜெஃப்ரி ஃபிளையர் என்கிற பொஸ்ரன் மருத்துவர் போய்க் கணக்குப் புத்தகங்களைக் கேட்டார். சோமன் தரவுகளைத் திரித்ததை ஒப்புக்கொண்டார். பிறகு அவருடைய பழைய கட்டுரைகளையும் கிண்டிப் பார்த்ததில், எல்லாமாகப் பன்னிரண்டு கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் பெரிய பதவிக்குப் போயிருந்த ஃபீலிக், அதை விட்டு விலக வேண்டி வந்தது.

அப்ப நீதி கிடைத்துவிட்டதா? கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் அதற்குள் றொட்பார்ட் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு கட்டுரையைத் திரும்பப் பெறலாம். ஒரு ஆராய்ச்சியாளரைத் திரும்பப் பெற ஏலாது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று இருக்கிறது. பிடிபட்டது சில வசனங்கள்தான். "சில வசனம்தானே" என்று விட்டிருந்தால் பன்னிரண்டு கட்டுரைகளும் இப்பவும் நல்ல கட்டுரைகளாக இருந்திருக்கும். அடுத்தவருடைய வசனம் ஒரு கட்டுரைக்குள் இருந்தால், அதை வெளியில் தொங்குகிற நூல் என்று நினைக்கவேண்டும். இழுத்துப் பார்க்காமல் விடக்கூடாது.

திரும்பப் பெறுவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? கட்டுரையை அழித்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கட்டுரை பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதன் பக்கங்களில் "மீளப்பெறப்பட்டது" என்று குறுக்கே அடித்திருப்பார்கள். ஏன் என்று ஒரு அறிவித்தலும் போடுவார்கள். இதற்கு விதிமுறைகளை 1997 இல் தொடங்கிய கோப் என்கிற சஞ்சிகை ஆசிரியர்களின் குழு எழுதிவைத்திருக்கிறது. ஆர் திரும்பப் பெறுகிறார்கள், என்ன காரணத்துக்காக என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று.

ஆனால் அந்த அறிவித்தல்களை வாசித்துப் பாருங்கள். "களவு" என்று எழுதக் கை கூசுகிறது. "முன்னர் வெளிவந்த ஒரு கட்டுரையோடு கணிசமான ஒற்றுமை காணப்படுகிறது" என்று எழுதுவார்கள். ஏதோ இரண்டு கட்டுரையும் மாமன் மச்சான் முறை மாதிரி! ஃபாங், ஸ்ரீன், கசடெவால் என்கிற மூன்று பேர் 2012 இல் 2047 மீளப்பெற்ற கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். உண்மையான தவறால் மீளப்பெற்றவை 21.3 வீதம்தான். 67.4 வீதம் ஒழுங்கீனம். அதற்குள் எழுத்துக் களவு 9.8 வீதம். சில அறிவித்தல்கள் காரணத்தை மூடி மறைத்தபடியால் மோசடிகள் முன்பு தவறுகளாகக் கணக்கில் போயிருந்தன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். மரியாதைக்கு எழுதுகிற சொல் உண்மையை இப்படித்தான் விழுங்குகிறது.

நிலைமை இப்போது இன்னும் மோசம். 2023 இல் உலகம் முழுக்க 10,000 க்கு மேல் கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அதில் 8000 க்கு மேல் ஹிந்தாவி என்கிற ஒரே பதிப்பகத்துடையவை. எல்லாமே எழுத்துக் களவு இல்லை. காசுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கிற "கட்டுரை ஆலைகள்" இதற்குப் பின்னால் இருந்தன. களவும் புதுப்புது வேசம் போடுகிறது. எழுத்துக் களவைப் பிடிக்க நிரல்கள் வந்ததும், சொற்களை இயந்திரத்தில் போட்டு மாற்றி எழுதத் தொடங்கினார்கள். இங்கே துலூஸில் உள்ள கியோம் கபனாக்கும், கிரெனோபிளில் உள்ள சிரில் லபேயும், அலெக்சாண்டர் மகாசினோவ் என்பவரும் சேர்ந்து 2021 இல் இதைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். மார்பகப் புற்றுநோய் என்று இருக்கவேண்டிய ஆங்கிலச் சொல்லின் இடத்தில் "நெஞ்சு ஆபத்து" என்கிற மாதிரி ஒரு சொல். செயற்கை நுண்ணறிவு "கள்ளப் பிரக்ஞை" ஆகியிருந்தது. வாசிக்கச் சிரிப்பு வரும். மார்பகப் புற்றுநோயோடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு அது சிரிப்பு இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு நல்ல வசனமாகவே மாற்றி எழுதித் தருகிறது. இனிச் சொல்லை வைத்து மட்டும் களவைப் பிடிக்க ஏலாது.

இங்கே மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன்.

உலகத்து மருத்துவ சஞ்சிகைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். ஆங்கிலம் வராத ஒரு நல்ல மருத்துவர், தன் சொந்த நோயாளிகளைப் பார்த்து, தன் சொந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, முன்னுரையில் நாலு வசனத்தை வேறொருவரிடமிருந்து எடுத்துப் போடுவார். ஒரு அரசாங்கக் கடிதம் எழுத இன்னொருவருடைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்திருக்கிற எங்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும். இந்தியாவிலும் சீனாவிலும் பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை வேண்டும் என்று விதி வைத்து, நாள் முழுக்க நோயாளி பார்க்கிற மருத்துவரைக் கட்டுரை எழுதத் துரத்தினார்கள். துரத்தினவர்களுக்கும் இந்தக் களவில் பங்கு இருக்கிறது.

அதனால் நாலு வசனம் எடுத்தவரையும் நோயாளிகளையே களவெடுத்தவரையும் ஒரே தடியால் அடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் ஆளுக்குத் திருத்தம் போதும். மேற்கோள் போடு, மன்னிப்புக் கேள், போ. ஆனால் எது முதலாவது, எது இரண்டாவது என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது: உள்ளே போய்ப் பார்ப்பது. நோயாளிகள் இருந்தார்களா, இரத்தம் எடுத்தார்களா, எந்த ஆஸ்பத்திரி அனுமதி கொடுத்தது என்று கேட்பது. ஃபிளையர் 1980 இல் செய்தது அதுதான்.

ஆகவே எனக்கு மூன்று விசயம் தோன்றுகிறது.

ஒன்று, அறிவித்தலில் களவைக் களவு என்று எழுதவேண்டும். யாருடைய ஆய்விலிருந்து எடுத்தது என்பதையும் எழுதி, அசல் எங்கே இருக்கிறது என்று காட்டவேண்டும். அசலைச் செய்தவருக்குக் கிடைக்கிற ஒரே ஆறுதல் அதுதான்.

இரண்டு, வெளியிட முதலே நோயாளிகள் இருந்ததற்கு ஆதாரம் கேட்கவேண்டும். அகதி விசாரணையில் எங்களிடம் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் துண்டு, தழும்புக்கு மருத்துவ அறிக்கை எல்லாம் கேட்டார்கள். நாங்கள் ஒரு ஆளுடைய உயிருக்குச் சாட்சி சொன்னோம். ஒரு மருத்துவக் கட்டுரை ஆயிரம் ஆயிரம் பேருடைய உயிருக்குச் சாட்சி சொல்கிறது. அதனிடம் ஒரு துண்டும் கேட்காமல் விடுவது என்ன நியாயம்?

மூன்று, இணையாசிரியர்கள். இல்லாத நோயாளிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் பெயர் போட்டவர்கள் என்ன செய்தார்கள்? அந்த நோயாளிகளை ஒருவர்கூடப் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் இல்லை. பார்க்காமல் கையெழுத்து வைப்பதை எங்கட ஊரில் கள்ளக் கையெழுத்து என்றுதான் சொல்வோம். பேர் போடுகிற ஒவ்வொருவரும் தான் எதைச் செய்தேன், எதைக் கண்ணால் கண்டேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பிடிபடும்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்கிறவருடைய பெயர், பரிசு கிடைக்கும்போதும் அங்கே இருக்கக்கூடாது.

கடைசியாக வாசிக்கிற உங்களுக்கு ஒன்று. எங்கட குடும்பங்களுக்குள் தினமும் பறக்கிற செய்திகள் தெரியும்தானே: சோற்றை விட்டால் சீனி மாறும், இந்த எண்ணெய் இருதயத்துக்கு நல்லது, "ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று. அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், எந்த ஆராய்ச்சி, எந்தச் சஞ்சிகை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தக் கட்டுரை இன்னும் நிற்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் 2010 இல் தொடங்கிய றிற்றாக்ஷன் வோச் என்கிற இடத்தில் மீளப்பெற்ற கட்டுரைகளின் பட்டியல் இருக்கிறது. 2023 இலிருந்து எவரும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிசத்தில் தேடித் தருவார்கள்.

பொஸ்ரனில் 160 பேர் அந்த ஆய்வுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பெயர் எங்களுக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. சிலர் விருப்பமான சாப்பாட்டை விட்டு ஒரு வருடம் முழுக்க நின்றார்கள். சிலர் ஏலாமல் இடையில் விட்டார்கள். ஊசி குத்த இரத்தம் கொடுத்தார்கள். அவர்களுடைய உடம்பு சொன்ன சாட்சி அது. அதை இன்னொரு ஊரில், இல்லாத ஆட்களின் பேரில் எழுதி வைத்தவரிடமிருந்து திரும்ப எடுத்தது சின்ன விசயம் இல்லை.